புதுப் பிஸ்டலுக்கு எந்த எண்ணெய்?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடை எதற்குள் நுழைந்தாலும் ஒரு சுவர் முழுக்கப் பாட்டில்கள் அடுக்கியிருக்கும். கரைப்பான், எண்ணெய், கிரீஸ், நுரை, ஸ்பிரே, எல்லா வேலையையும் ஒன்றே செய்யும் என்று சொல்லிக்கொள்ளும் கலவைகள். முதல்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்கியவர் அந்தச் சுவரைப் பார்த்துக் குழம்பி, எல்லா அளவுத் துப்பாக்கிக்கும் பிரஷ் வைத்த ஒரு பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அதில் பெரும்பகுதி அவருடைய பிஸ்டலின் குழலுக்குள் நுழையக்கூட நுழையாது.

பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கி எந்த உலோகத்தால் ஆனது, அதில் என்ன அழுக்குப் படியப்போகிறது, அது எந்த ஊர்க் காற்றில் யார் இடுப்பில் அல்லது எந்தப் பெட்டியில் இருக்கப்போகிறது. இவற்றுக்கு விடை தெரிந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பாட்டிலும் ஒரு பிரஷ்ஷும் போதும். சிலருக்கு இரண்டாவது பாட்டில் தேவைப்படும். மூன்றாவது தேவைப்படுபவர்கள் மிகக் குறைவு.

பேச்சுக்கு கிளாக் 19-ஐ எடுத்துக்கொள்வோம். 1988-இல் வந்த இந்த 9 மி.மீ. பிஸ்டல் இன்றும் அமெரிக்கக் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது. உடல் பாலிமர், ஸ்லைடும் குழலும் எஃகு, எஃகின் மேற்பரப்புக்கு நைட்ரஜன் ஏற்றிய கடினப் பதம். இதே வகையில் வேறு நிறுவனங்கள் செய்யும் பாலிமர் பிஸ்டல்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். அலுமினிய உடல் கொண்டவை, பழைய நீலப் பூச்சு கொண்டவை, ரிவால்வர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் கணக்கு மாறும். அவற்றைப் போகிறபோக்கில் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. கிளாக்கைப் பிரிக்க வேண்டுமானால் விசையை இழுத்தே ஆகவேண்டும். தோட்டா உள்ளே இருப்பது தெரியாமல் இழுத்தவர்களால் உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள், சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து மறுபடியும் ஒருமுறை பாருங்கள். சுவர் முழுக்க உள்ள எந்தப் பொருளையும்விட இந்த ஒரு நிமிடம் முக்கியமானது.

பெட்டியிலிருந்து எடுத்த புதுத் துப்பாக்கியில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பலர் நேராகச் சுடும் களத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணெய் கிடங்கிலும் கடையிலும் துரு பிடிக்காமல் இருப்பதற்காகத் தடவியது. முதல்முறை சுடுமுன் பிரித்துத் துடைத்து, புதிதாக எண்ணெய் இடச் சொல்கிறது கிளாக்கின் கையேடு. ஆனால் ஸ்லைடின் உள்பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒரு பசை தெரியும். அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். நீண்ட நாள் உராய்வைத் தாங்குவதற்காகத் தொழிற்சாலையே வைத்தது அது. அப்படியே விட்டுவிடச் சொல்வதும் அதே கையேடுதான்.

இனி அழுக்கு. ஒரு தோட்டா வெடிக்கும்போது எரிந்த மருந்தின் கரி, எரியாத துகள், குண்டின் மேலுறையிலிருந்து உரசி வந்த செம்பு, குண்டின் அடிப்பாகத்திலிருந்தும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலிருந்தும் வந்த ஈயம் எல்லாம் உள்ளே படிகின்றன. இவற்றில் கைத்துப்பாக்கிக்காரர் பெரிதும் கவலைப்பட வேண்டியது கரியைப் பற்றி. செம்பைக் கரைப்பதற்கென்றே அம்மோனியா அதிகம் கலந்த கரைப்பான்கள் உண்டு. துணியில் நீலநிறம் ஏறினால் செம்பு கரைகிறது என்று அர்த்தம். அவை துல்லியமாகச் சுட வேண்டிய ரைஃபிள்களுக்கானவை. ஒரு .223 ரைஃபிள் குண்டு விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் போகும்; 9 மி.மீ. குண்டு சுமார் 350 மீட்டர். இந்த வேகத்தில், 102 மி.மீ. நீளமே உள்ள குழலில், செம்பு பெரிதாக ஒட்டிக்கொள்வதில்லை. புதுப் பிஸ்டலுக்கு அந்தக் காட்டமான பாட்டிலை வாங்க வேண்டாம். நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியாக இருந்தால் அம்மோனியா கட்டாயம் கூடாது. முலாம் விட்டுப்போன இடம் வழியாக நுழைந்து, அடியில் இருக்கும் செம்புப் பூச்சை அரித்து, நிக்கலைச் செதில் செதிலாக உரித்துவிடும்.

மேலுறை இல்லாத ஈயக் குண்டு சுடுபவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் குழலில் ஈயம் அப்பிக்கொள்ளும். கிளாக்கின் வழக்கமான குழலில் ஈயக் குண்டு பயன்படுத்தவே வேண்டாம் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.

கரைப்பானும் எண்ணெயும் தனித்தனியா, இரண்டும் சேர்ந்ததா? இதுதான் அந்தச் சுவருக்கு முன்னால் எழும் உண்மையான கேள்வி.

தனித்தனி முறையில் பழைய பெயர் ஹாப்பீஸ் நம்பர் 9. ஃபிராங்க் ஆகஸ்ட் ஹாப்பி 1903-இல் உருவாக்கிய கரைப்பான் இது. அதன் வாசனையை வைத்தே அமெரிக்க வேட்டைக்காரர்கள் தாத்தா காலத்தை நினைத்துக்கொள்வார்கள். கரியை நன்றாக இளக்கும், ஈயத்தையும் ஓரளவு இளக்கும். குழலில் தடவிச் சில நிமிடம் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தால், அடுத்து வரும் துணி கறுப்பாக வெளியே வரும். வேலை சுத்தம். ஆனால் வேலை முடிந்ததும் உலோகம் வறண்டு நிற்கும். எண்ணெய்ப் பசை முழுவதையும் எடுத்துவிடுவதால், உடனே வேறு எண்ணெய் இடாவிட்டால் ஈரக்காற்று அதைச் சும்மா விடாது. வாசனையும் வீட்டில் மணிக்கணக்கில் நிற்கும். தனி வீடும் கராஜும் உள்ளவருக்குச் சரி. அடுக்ககத்தில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு எம்-புரோ 7 போன்ற நீர் கலந்த, மணமில்லாத கரைப்பான்கள் உண்டு. கரியை எடுப்பதில் அவை சளைத்தவை அல்ல. தண்ணீர் சேர்ந்தது என்பதால் துளைகளிலும் மூலைகளிலும் ஈரம் தங்காமல் துடைத்து, உடனே எண்ணெய் இட வேண்டும்.

சேர்ந்த முறைக்கு சி.எல்.பி. என்று பெயர். சுத்தம் செய்வது, வழுக்க வைப்பது, துருவிலிருந்து காப்பது என்ற மூன்று வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. அமெரிக்க ராணுவம் சிப்பாய் ஒருவன் ஒரே பாட்டிலைச் சுமந்தால் போதும் என்பதற்காக வகுத்த தர வரையறையிலிருந்து வந்த வகை இது. பிரேக்-ஃபிரீ நிறுவனத்தின் சி.எல்.பி. அவற்றில் பிரபலம். கரியைக் கரைப்பதில் ஹாப்பீஸ் அளவுக்கு வேகம் கிடையாது; துரு காப்பதில் அதற்கென்றே உள்ள பூச்சுகளுக்கு ஈடாகாது; வழுக்குவதில் நல்ல கிரீஸுக்கு ஈடாகாது. ஆனாலும் கிளாக் மாதிரி ஒரு துப்பாக்கிக்கு மூன்றும் தேவையான அளவுக்கு நடந்துவிடுகிறது. துடைத்த பிறகும் மெல்லிய படலம் ஒன்று மிஞ்சுவதால், எண்ணெய் இட மறந்தவரின் துப்பாக்கி வறண்டு கிடப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு சந்தேகமின்றி இதுதான். 4 அவுன்ஸ், அதாவது 118 மி.லி. பாட்டில் ஒன்று சாதாரணமாகச் சுடுபவருக்கு நெடுநாள் வரும். துகள்கள் அடியில் தங்கும் வகைகளும் உண்டு என்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

'ராணுவத் தரம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பாட்டில்கள் பல. அந்தச் சொல்லுக்குத் தனியாக மதிப்பு இல்லை. எம்.ஐ.எல்.-பி.ஆர்.எஃப்.-63460 என்ற எண் அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ராணுவம் சி.எல்.பி.க்கு வைத்திருக்கும் வரையறையின் எண் அது.

பாலிஸ்டால் தனி இனம். ஜெர்மனியில் கிளெவர் நிறுவனம் ராணுவத்துக்காக 1904-இல் உருவாக்கியது. துப்பாக்கியின் எஃகு, மரக் கைப்பிடி, தோல் வார் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்பது அதன் நோக்கம். தண்ணீரோடு சேர்த்தால் பால் போலக் கலக்கும். இந்தக் குணம் ஒரு கூட்டத்துக்கு மிகவும் தேவை. பழைய சோவியத் முகாம் நாடுகளின் மிச்சத் தோட்டாக்கள் பலவற்றில் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பின் அது உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஒரே இரவில்கூடத் துருப்பிடிக்க வைத்துவிடும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். டோக்கரெவ் மாதிரிப் பழைய பிஸ்டலில் அந்தத் தோட்டாக்களைச் சுடுபவர் பாலிஸ்டாலும் தண்ணீரும் கலந்து குழலைக் கழுவிவிட்டு, உலர்த்தி, பிறகு எண்ணெய் இடுவது நல்ல வழக்கம். இன்றைக்கு அமெரிக்கக் கடையில் 9 மி.மீ. புதுத்தோட்டா வாங்குபவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்கு பாலிஸ்டால் நல்ல எண்ணெய்தான், கட்டாயம் அல்ல. சோம்பு போன்ற அதன் மணம் பிடித்தவர்களும் உண்டு, ஜன்னலைத் திறப்பவர்களும் உண்டு.

எண்ணெய் எவ்வளவு, எங்கே

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எண்ணெய் கூடக்கூடத் துப்பாக்கி நன்றாக ஓடும் என்ற எண்ணம் கிளாக்கைப் பொறுத்தவரை தவறு. ஸ்லைடு ஓடுவது பாலிமருக்குள் பதித்த நான்கு சிறு எஃகுத் தகடுகளின் மேல். அந்தத் தடங்களில் ஒவ்வொரு துளி, குழலின் வெளிப்புறத்திலும் அது ஸ்லைடோடு உரசும் இடங்களிலும் விரல்நுனியால் பூசிய படலம், பிறகு உடலின் வலது பின்மூலையில் விசைத்தண்டும் கனெக்டரும் தொடும் இடத்தில் ஒரு துளி. இந்தக் கடைசித் துளியைத்தான் பலர் மறக்கிறார்கள். விசை கடினமாகிப்போகும் புகார்களுக்கு அங்கே வறட்சி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மிச்சமான எண்ணெய் சூட்டில் கரியோடு கலந்து கறுப்புச் சேறாகிறது, அல்லது சுடுபவரின் கண்ணாடியில் தெறிக்கிறது.

எண்ணெய் படவே கூடாத இடங்கள் இரண்டு. ஸ்லைடுக்குள் பிரைமரைத் தட்டும் ஊசி ஓடும் துளை ஒன்று. அங்கே எண்ணெய் போனால் கரியும் துகளும் ஒட்டி, ஊசியின் வேகம் குறைந்து, தோட்டா வெடிக்காமல் போகலாம். மேகசினின் உட்புறம் மற்றொன்று. அங்கே ஊறும் எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் கசிந்து மருந்தைக் கெடுக்கலாம். இரண்டையும் வறண்ட துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

கிரீஸ் யாருக்கு? பெரெட்டா 92, சிக் பி226 போன்றவற்றில் எஃகு ஸ்லைடு அலுமினிய உடலின் நீண்ட தடத்தில் ஓடுகிறது. மென்மையான உலோகம் தேயும். எண்ணெய் வழிந்து போய்விடும் இடத்தில் கிரீஸ் நிற்கும், அதனால் இங்கே மெல்லிய கிரீஸ் என் சிபாரிசு. துருப்பிடிக்காத எஃகாலான 1911 ரகப் பிஸ்டல்களுக்கும் அப்படியே. ஒரே வகை எஃகு ஒன்றோடொன்று உரசும்போது பிறாண்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. கிளாக்குக்கு கிரீஸ் போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் தனியாக வாங்கும் அவசியமும் இல்லை.

ஊர்க் காற்றை இங்கேதான் சேர்க்க வேண்டும். மினசோட்டாவின் குளிர்காலத்தில், வண்டியில் இரவு முழுக்கக் கிடக்கும் துப்பாக்கியில் கெட்டிக் கிரீஸ் மெழுகாகி ஸ்லைடை மந்தமாக்கும். மெல்லிய எண்ணெய் போதும், அதுவும் கொஞ்சம். அரிசோனாவின் தூசியில் ஈரமாக நிற்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே தெரியாத அளவு பூசினால் நல்லது. ஹூஸ்டன், மயாமி மாதிரி வேர்த்துக் கொட்டும் ஊர்களில் இடுப்பில் சட்டைக்கு உள்ளே பிஸ்டலைச் சுமப்பவருக்கு எதிரி கரியே அல்ல, வியர்வை. கிளாக்கின் ஸ்லைடு நன்றாகத் தாங்கும். பார்வைக் குறியின் திருகு, சிறு ஸ்பிரிங், ஊசிகள் தாங்காது. அவர் சுட்டாலும் சுடாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை வெளிப்புறத்தை சி.எல்.பி. நனைத்த துணியால் துடைப்பது, புது பாட்டில் வாங்குவதைவிடப் பலன் தரும். நீலப் பூச்சுத் துப்பாக்கி வைத்திருப்பவர் அந்த ஊர்களில் துருவுக்கென்றே உள்ள காப்புப் பூச்சு ஒன்றை இரண்டாவது பாட்டிலாக வாங்கலாம்.

வீட்டில் இருப்பதே போதாதா?

டபிள்யூ.டி.-40 பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் இருக்கும். 1953-இல் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காகப் பிறந்தது. மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீரை வெளியேற்ற அதை அடித்தால் தவறில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சும் படலம் ஸ்லைடின் உராய்வைத் தாங்காது. ஊடுருவும் குணமும் அதிகம். தோட்டா இருக்கும் பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது.

காரில் ஊற்றும் செயற்கை எஞ்சின் எண்ணெய் ஸ்லைடை நன்றாகவே வழுக்க வைக்கும். அதைப் பயன்படுத்தும் அனுபவசாலிகள் நிறைய. துரு காப்பு ஓரளவுதான். நாள் முழுக்கத் தோலில் படும் துப்பாக்கிக்கு அதன் சேர்மானங்கள் ஏற்றவை அல்ல. தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் சூட்டில் சீக்கிரம் காணாமல் போகும். மண்ணெண்ணெய், தானியங்கி கியர் எண்ணெய், மினரல் ஸ்பிரிட், அசிட்டோன் சமபங்கு கலந்து 'எட்'ஸ் ரெட்' என்ற கரைப்பானை வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளுபவருக்குச் செலவு மிச்சம். தீப்பிடிக்கும் கலவையை கேலன் கணக்கில் வீட்டில் வைப்பதற்கு ஒரு பிஸ்டல் வைத்திருப்பவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

நம் வீடுகளில் கை தானாகப் போவது தேங்காய் எண்ணெய்ப் பக்கம். அரிவாளுக்கும் பூட்டுக்கும் தடவிப் பழகிய கை. துப்பாக்கிக்கு வேண்டாம். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும், ஏ.சி. போட்ட அறையே போதும். மற்ற தாவர எண்ணெய்கள் காற்றில் மெல்ல மெல்லக் கெட்டியாகிப் பிசினாகும். தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட துப்பாக்கி எண்ணெய்களும் கடையில் உண்டு. நச்சுக் குறைவு என்பது அவற்றின் பலம். அடிக்கடி துடைப்பவருக்கு அவை சரி. வருடக்கணக்கில் பெட்டியில் கிடக்கப்போகும் துப்பாக்கிக்கு நான் கனிம எண்ணெய் அல்லது செயற்கை எண்ணெயைத்தான் சொல்வேன்.

பிரேக் கிளீனர் ஸ்பிரே பாலிமரையும் இரவில் ஒளிரும் குறிகளின் பூச்சையும் கெடுக்கலாம். குளோரின் சேர்ந்த வகையைச் சூட்டுக்கோ தீக்கோ அருகில் அடித்தால் நச்சு வாயு உண்டாகும். தவிர்த்துவிடுங்கள். ஸ்லைடின் மேல் சிவப்புப் புள்ளிக் குறி பொருத்தியிருந்தால் எந்தக் கரைப்பானும் அதன் கண்ணாடியில் படக்கூடாது, லென்ஸ் துணி மட்டும்தான்.

கருவிகளில் செலவு செய்யத் தகுந்தது ஒன்று: 9 மி.மீ. குழலுக்குச் சரியான வெண்கல பிரஷ். எஃகு பிரஷ் வாங்காதீர்கள், வரிப்பள்ளங்களைக் கீறும். மற்ற இடங்களுக்கு நைலான் பல்துலக்கி போதும். துணிக்குப் பழைய காட்டன் பனியனைக் கத்தரித்துக்கொள்ளலாம். ஒரே துண்டாக உள்ள கம்பி திருகிச் சேர்க்கும் கம்பியைவிட நல்லது. போர்ஸ்நேக் என்ற கயிறு, களத்தில் அவசரமாக ஒருமுறை இழுத்துவிட வசதி. அதைத் துவைக்காமல் வைத்திருந்தால் பழைய அழுக்கையே திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். பிஸ்டலின் குழலைக் கழற்றிவிடலாம் என்பதால் எப்போதும் சேம்பர் பக்கமிருந்து வாயை நோக்கித் தள்ளுங்கள். ரிவால்வரில் அது முடியாது. வாய்ப்பக்கமிருந்தே நுழைக்க வேண்டும், கம்பி குழலின் விளிம்பில் உரசாமல் காக்க ஒரு சிறு வளையம் வாங்கிக்கொள்வது நல்லது. ரிவால்வர்காரர் உருளையின் பின்பக்கம், காலித் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத்துக்கு அடியில் சேரும் துகளையும் கவனிக்க வேண்டும். அங்கே கொஞ்சம் மிஞ்சினாலே உருளை சுற்றுவது இறுகிவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த முழு வேலையிலும் நான் மிகவும் கவலைப்படும் விஷயம். வழக்கமான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. துணியில் வரும் கறுப்பில் ஈயம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் எந்த அளவில் இருந்தாலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் நிலைப்பாடு. ஆகவே சாப்பாட்டு மேஜையில் துப்பாக்கியைப் பிரிக்காதீர்கள். சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். உலர்ந்த கரியை ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள்; முதலில் கரைப்பானால் நனைத்துவிட்டால் தூள் பறக்காது. நைட்ரைல் கையுறை போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்பு எரியக் கூடாது. முடிந்ததும் அழுக்குத் துணிகளைப் பையில் கட்டிக் குழந்தை எடுக்க முடியாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையையும் மாற்றிவிட்டுப் பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். இதற்காகக் கூடுதலாகச் செலவாகும் கையுறைப் பெட்டியையும் சோப்பையும் பாட்டில் வாங்கும் பட்டியலில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

துடைத்துப் பூட்டிய துப்பாக்கியைத் தோல் உறைக்குள் செருகி மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் மிஞ்சியிருக்கும். உறையின் வடிவத்திலேயே துரு படியும். வாங்கும்போது வந்த பெட்டியின் பஞ்சு நுரையும் நீண்ட நாளைக்கு ஏற்றதல்ல. மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு, பூட்டக்கூடிய இரும்புப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள், தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு போடுங்கள்.